எல்லோர் பையிலும் முள்ளங்கி

ஆகஸ்ட் 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன் அண்ணன் செய்தால் இரண்டு ‘ம்’ போட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். சரி, கடிதம் எழுதுகிறேன். தபால்காரர் வாசலில் நின்று நீட்டினால் வாங்காமல் இருக்க முடியாதே.

நீ மாற்றலாகி மலைமேல் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு இங்கே நடந்த ஒரே பெரிய சமாச்சாரம், அறுவடை விழாவை என் தலையில் கட்டியதுதான். பெரிய சார் ஸ்டாஃப் ரூமுக்கே வந்து சொன்னார்: “உங்க நாத்தனார் நடத்துனது. நீங்களே எடுத்துக்கங்க டீச்சர். வீட்டு விஷயம் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்.” என்னவோ மருமகளிடம் சாவிக்கொத்தைக் கொடுப்பது போல! நான் சரித்திர டீச்சர். எந்த ராஜா எந்த ராஜாவை எப்போது கவிழ்த்தான் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். செடிக்கு எப்போது தண்ணீர் விடவேண்டும் என்று கேட்டால் முழிப்பேன். இருந்தாலும் ‘சரி’ என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது எனக்குப் புதிதா என்ன?

மறுநாளே கரண்டியம்மா வந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவர் நடத்தும் பொதுச் சமையலறைக்கு, மில் மூடியதிலிருந்து எத்தனை பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள் என்று உனக்குத் தெரியும். “டீச்சர், போன வருஷம் விழாவுல வந்த காயை வெச்சுத்தான் குளிர் மாசம் பூரா அடுப்பு எரிஞ்சுது. கட்டட வேலை நின்னுட்டா சனம் என்கிட்டதான் வரும். இந்த வருஷம் அலமாரி ரொம்பலேன்னா நான் கதவைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்” என்றார். “சாத்த விடமாட்டேன்” என்று சொல்லியிருக்கிறேன். வாய்க்கு என்ன, சொல்லிவிட்டது.

அதனால் யோசித்து, எல்லோரும் முட்டைக்கோஸ் போடட்டும் என்று முடிவு செய்தேன். கோஸ்தான் நாள்பட நிற்கும், சாப்பிடவும் வயிறு நிறையும். தோட்டக் கொட்டகையை முதலில் ஒழித்துச் சுத்தம் செய்தேன். அடேயப்பா, என்ன குப்பை! உன் விதை டப்பாக்கள் மேல்தட்டில் ஏற்றமும் இறக்கமுமாக நின்றன. பெரியதிலிருந்து சின்னது வரை அழகாக வரிசைப்படுத்தி வைத்துவிட்டேன். நீ கிளம்பும்போது சொன்னபடியே முதல் டப்பாவிலிருந்து கோஸ் விதை எடுத்து, ஒரு பிள்ளை விடாமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தாயிற்று. விழா நவம்பர் கடைசியில். நீ கட்டாயம் வரவேண்டும்.

உன் அண்ணன் லாரியில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். உன் அறையில் யாரும் படுப்பதில்லை. பூனை மட்டும் படுக்கிறது.

அன்புடன்,
அண்ணி

செப்டம்பர் 2

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. கொட்டகையைச் சுத்தம் செய்தது பற்றிச் சந்தோஷம். நான் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் குப்பையெல்லாம் போய்விட்டது என்றால் நல்லதுதான்.

விழாவைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? பஸ் ஏறும்போது நீங்களே சொன்னீர்கள்: “நீ இல்லாட்டியும் இங்க எல்லாம் நடக்கும், நிம்மதியாப் போ.” நடக்கட்டும்.

ஆனாலும் கேட்காமலே இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, மூடிய பை. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். விழாவுக்கு வருகிற எல்லோரும் வாய் கட்டிய பையோடு வரவேண்டும், திரைக்குப் பின்னால் போய் மேசையில் கொட்டவேண்டும். வேண்டியவர்கள் அதே மேசையிலிருந்து எடுத்து அதே பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வெளியே வரலாம். யார் கொடுத்தார், யார் எடுத்தார், யார் எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. இதைக் கொண்டுவர நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கொடுப்பவன் மார் தட்டுவதும் வாங்குபவன் தலை குனிவதும் இருந்தால் அது விழாவே இல்லை.

இரண்டு, ஒரு பிள்ளை விடாமல் விதை கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தோட்டமோ கொல்லையோ இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் கொடுப்பேன். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் கோஸை எங்கே வளர்ப்பார்கள், கட்டிலுக்கு அடியிலா? குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கிறவர்கள் அவர்கள். வளர்க்க முடியாமல் போனால் அந்தப் பிள்ளை நாளைக்கு எந்த முகத்தோடு விழாவுக்கு வரும்? இதை யோசித்தீர்களா?

இங்கே எல்லாம் சௌகரியம். இந்த ஊரில் உருளைக்கிழங்கைத் தவிர வேறு எதுவும் விளையாது. காலையில் அது, மத்தியானம் அது, ராத்திரியும் அதுதான். வாடகை வீட்டம்மா விருந்தாளி என்று எனக்கு ஸ்பெஷலாக உருளைக்கிழங்கு செய்து தருகிறார்.

நவம்பரில் எனக்கு லீவு கிடைக்காது. அண்ணன் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இப்படிக்கு,
நாத்தனார்

செப்டம்பர் 14

மதிப்பிற்குரிய விஞ்ஞான ஆசிரியை அவர்களுக்கு,

‘இப்படிக்கு நாத்தனார்’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நானும் இப்படித்தான் ஆரம்பிப்பேன்.

பஸ் ஸ்டாண்டில் நான் சொன்னதையா இத்தனை நாள் மடியில் நெருப்பு மாதிரி கட்டிக்கொண்டு இருந்தாய்? அடி அசடே! நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு ‘தக்காளிக்கு முட்டு வைக்கணும்’ என்று எழுந்து போனவள் நீ. மலைக்குப் போயும் இந்தத் தோட்டத்தையே நினைத்துச் சாப்பிடாமல் கிடப்பாயே என்றுதான் நிம்மதியாகப் போ என்றேன். அழாமல் இருப்பதற்காக எதையாவது சொல்லவேண்டி இருந்தது, வாயில் அதுதான் வந்தது. பஸ் திரும்பிய பிறகு நான் உட்கார்ந்து அழுததை டீக்கடைக்காரர் பார்த்தார். வேண்டுமானால் அவரைக் கேள். அதற்கு அவர் இன்றுவரை எனக்குச் சர்க்கரை கூடப் போட்டுத் தருகிறார்.

இப்போது சந்தோஷ சமாச்சாரம். நீ பயந்தது எதுவும் நடக்கவில்லை. விதை போட்ட நாலாம் நாளே முளைத்துவிட்டது. இப்போது வகுப்பில் பாடமே நடத்த முடியவில்லை, யார் செடி உயரம் என்று ஒரே சண்டை. இடம் இல்லாத பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டாயே, அவர்கள்தான் முன்னணியில் நிற்கிறார்கள். ஒருத்தன் ஓட்டை வாளியில் போட்டிருக்கிறான். ஒருத்தி அப்பாவின் பழைய ஹெல்மெட்டில் போட்டு ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறாள். ஆறாம் வகுப்பில் வாயாடி என்று ஒருத்தி இருப்பாளே, சித்தாள் வேலை பார்க்கும் அம்மாவோடு பாதி கட்டி நிற்கிற கட்டடத்திலேயே குடியிருப்பவள், அவள்தான் ராணி. காலி சிமென்ட் சாக்கில் எல்லாம் மண்ணை நிரப்பி, மாடிப்படியில் படிக்கு ஒரு சாக்கு என்று வைத்திருக்கிறாள். “டீச்சர், கதவு வைக்கறதுக்கு முன்னாடி எங்க வீட்டுல தோட்டம் வந்துருச்சு” என்கிறாள்.

கோஸ் இவ்வளவு சுலபமாக வளரும் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு நாள் நீ செய்த அமர்க்களத்தைப் பார்த்து என்னவோ பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். நீளநீளமாக இலை விட்டிருக்கிறது, ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக. தொட்டால் சொரசொரவென்று கையில் குத்துகிறது. எப்போது உருண்டையாகச் சுருள ஆரம்பிக்கும் என்று மட்டும் எழுது.

உன் அண்ணன் மாத்திரை போடுகிறார். நான் எதிரில் நின்றால்.

அன்போடும் கொஞ்சம் கர்வத்தோடும்,
அண்ணி

செப்டம்பர் 18

அண்ணி,

இதைப் படித்தவுடன் கையிலிருக்கும் எந்த வேலையானாலும் போட்டுவிட்டு, ஒரே ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்.

கோஸ் இலை வழவழவென்று இருக்கும், சொரசொரக்காது. ஓரம் வெட்டு வெட்டாக இருக்காது. நாலாம் நாள் துள்ளிக்கொண்டு முளைப்பதும், மண்ணைக் கொட்டிய இடத்தில் எல்லாம் வளர்வதும் கோஸின் குணம் இல்லை.

நீங்கள் டப்பாக்களைப் பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கினேன் என்று எழுதியிருந்தீர்கள். முதல் கடிதத்திலேயே இருந்தது. கோபத்தில் படித்ததால் என் புத்தியில் ஏறவில்லை. அண்ணி, அந்த டப்பாக்களுக்கு நான் பெயர் எழுதி ஒட்டியதே இல்லை. அவை நின்ற இடம்தான் பெயர். இடது ஓரம் கோஸ், அடுத்து காலிஃபிளவர், அடுத்து நூல்கோல், கடைசியில் முள்ளங்கி. இந்த நான்குக்கும் விதை கடுகு மாதிரிதான் இருக்கும். முள்ளங்கி விதை கொஞ்சம் பெரியது, சிவந்து இருக்கும். ஆனால் நாலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். முள்ளங்கி ஒரு செடியைப் பூக்கவிட்டாலே விதை அள்ள அள்ள வரும். அதனால் அதற்குத்தான் இருப்பதிலேயே பெரிய டப்பா.

பிடுங்கிப் பார்த்து எழுதுங்கள்.

டீக்கடை விஷயம் படித்தேன். பஸ்ஸில் நானும் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் வாந்தி வருமோ என்று பயந்து இடம் மாறி உட்கார்ந்தார்.

நாத்தனார்

செப்டம்பர் 22

நாத்தனாரே,

முள்ளங்கி.

வகுப்புத் தோட்டத்தில் பிடுங்கினேன், முள்ளங்கி. வாளியில் பிடுங்கினேன், முள்ளங்கி. ஹெல்மெட்டில் பார்த்தேன், இடம் போதாமல் வளைந்துபோன முள்ளங்கி. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை பாக்கி இல்லாமல், தெருவில் ஒரு வீடு பாக்கி இல்லாமல், ஊர் முழுக்க முள்ளங்கி. சுரை போட்டால் அவரை முளைக்குமா என்று பிள்ளைகளுக்குப் பழமொழி சொல்லிக்கொடுத்த வாய் இது.

பெரிய சார் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “வேணும்னா இந்த வருஷம் விழாவை விட்டுடலாம் டீச்சர், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார். கரண்டியம்மா வாயைக் கேட்கவேண்டுமா? “குளிர் மாசம் பூரா முள்ளங்கியா? சாப்பிட்டதும் ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் உக்கார முடியுமா டீச்சர்? ஜன்னலை வேற சாத்தணும்!” என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “நவம்பர் வரைக்கும் இது நிக்காதும்மா. நான் என்னத்தை அலமாரியில அடுக்கறது?” என்றார்.

பிள்ளைகளுக்கு விஷயம் புரியவே இல்லை. எதுவோ விளைந்திருக்கிறது, அது போதும் அவர்களுக்கு. வாயாடி தன் சாக்கில் பிடுங்கியதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். அவள் முழங்கை நீளம் இருந்தது. “டீச்சர், இதான் கோஸா?” என்றாள். “இல்ல கண்ணு, இது முள்ளங்கி” என்றேன். “அப்ப கோஸை விட நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குச் சிரிக்கவும் வருகிறது, பயமாகவும் இருக்கிறது. வீட்டில் உன் அண்ணன் தினமும் முள்ளங்கி சாப்பிடுகிறார். லாரியில் தனியாகப் போகிறவர், அதனால் ஆபத்தில்லை. ஆனால் சமையலறைக் கதவு சாத்தினால் அந்த ஜனங்கள் எங்கே போவார்கள்? உன்னுடைய விழா அது. நீ வருஷம் வருஷமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டியதை ஒரே நாளில் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிட்டேன். நீ இல்லாமல் எல்லாம் நடக்கும் என்று சொன்னேனே, பார், எப்படி நடந்திருக்கிறது என்று.

என்ன செய்யட்டும்? சொல்.

உன்
அண்ணி

செப்டம்பர் 26

என் அருமை அண்ணி,

முதலில் மன்னிக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் நான் சிரித்த சிரிப்பில் கணக்கு வாத்தியார் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். வளைந்துபோன முள்ளங்கி என் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. இந்த ஊருக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது இதுதான் முதல் தடவை. என்னவோ கெட்டது நடந்துவிட்டது என்று எல்லோரும் ஓடிவந்தார்கள்.

இப்போது கேளுங்கள். அழுவதற்கு நேரம் இல்லை. முள்ளங்கி யாருக்காகவும் காத்திருக்காது. அக்டோபர் பாதியைத் தாண்டினால் நடுவில் பஞ்சு பஞ்சாகிவிடும். அதனால் விழாவை நவம்பரிலிருந்து முன்னால் இழுங்கள். பெரிய சார் தயங்கினால், “உங்களுக்குப் பஞ்சு வேணுமா, காய் வேணுமா?” என்று கேளுங்கள்.

கீரையைத் தனியாக வெட்டி அன்றன்றைக்கே சமையலறைக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு பங்கை மெல்லியதாகச் சீவி மொட்டை மாடியில் காயவைத்தால் வற்றலாக எத்தனை மாதமும் நிற்கும். இன்னொரு பங்கை உப்பும் வினிகரும் போட்டு ஊறுகாய் ஜாடியில் அமுக்குங்கள். மீதிதான் பெரிய பங்கு. அது இங்கே வரட்டும்.

ஆமாம், இங்கே. சாப்பாட்டு நேரத்தில் உங்கள் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரிப்பார்கள் என்று பார்த்தால் வாட்ச்மேன் எச்சில் முழுங்கிக்கொண்டு, “முள்ளங்கியா டீச்சர்? பச்சையாவா? கடிச்சா நறுக்குனு இருக்குமே?” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஜனங்கள் உருளைக்கிழங்கைத் தவிர வேறு காயைக் கண்ணால் பார்த்து மாசக்கணக்கு ஆகிறது. கீழேயிருந்து வருவதெல்லாம் வாடி வதங்கி, முள்ளங்கிப் பத்தை மாதிரி நோட்டை நீட்டினால்தான் கிடைக்கும். முள்ளங்கிக்கே அந்த விலை என்றால் சிரிக்காமல் என்ன செய்வது! ஆனால் உருளைக்கிழங்கு? இப்போதுதான் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு மூட்டை, எனக்குப் படுக்கவே இடம் இல்லாமல் என் அறையிலும் மூட்டை. ஒரு லாரி முள்ளங்கி வந்தால் ஒரு லாரி உருளைக்கிழங்கு தரத் தயார் என்று பெற்றோர்கள் கூட்டத்தில் கை தூக்கிவிட்டார்கள். உருளைக்கிழங்கு குளிர்காலம் முழுக்கக் கெடாமல் நிற்கும். கரண்டியம்மாவிடம் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்தே வைக்கலாம்.

அண்ணன் எப்படியும் சிமென்ட் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறவர்தான். உருளைக்கிழங்கு முன்னால் இறங்கட்டும், திரும்பி வரும்போது முள்ளங்கி ஏறட்டும்.

நான் வருவது பற்றிக் கேட்காதீர்கள். இனிமேல் அது உங்கள் விழா. நான் வந்து நின்றால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், அது சரியில்லை. இதைக் கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டாதது என் தப்பு. பாதி முள்ளங்கி என் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பு
நாத்தனார்

அக்டோபர் 4

நாத்தனாரே,

விரிவாக எழுத நேரம் இல்லை. கையெல்லாம் உப்பு, பேனா வழுக்குகிறது.

விழா பன்னிரண்டாம் தேதி. பெரிய சாரிடம் பஞ்சா காயா என்று நீ சொன்னபடியே கேட்டேன். கண்ணாடியைத் துடைக்காமலே கையெழுத்துப் போட்டார். மொட்டை மாடி முழுக்கச் சீவல் காய்கிறது. காக்காய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது, காவல் வேலை மிச்சம்.

ஒரு சங்கடம். உன் மூடிய பை. முள்ளங்கியை எந்தப் பையில் போட்டாலும் கீரை மேலே எட்டிப் பார்க்கிறது. கீரையை வெட்டிவிட்டுக் கொண்டுவரச் சொன்னால் பிள்ளைகள் ஒரே கூச்சல். “அதை வெட்டுனா எங்க செடின்னு எப்படித் தெரியும்?” என்கிறார்கள். யார் பையில் என்ன என்று கேட்கவே வேண்டாம், ஊருக்கே தெரியும். திரையை மட்டும் கட்டுகிறேன். மற்றபடி உன் சட்டத்தை மீறுகிறேன், திட்டாதே.

கடைசியாக ஒன்று. நீ இல்லாமல் நடக்கும் என்று தெரிந்துவிட்டது, அது போதும். ஓடியாடி வேலை பார்க்க உன்னைக் கூப்பிடவில்லை. ஒரு ஓரமாக நின்று பார். எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். உன் அண்ணன் லாரியில் முன் சீட் காலியாகத்தான் இருக்கும். ஏறி வா.

அண்ணி

அக்டோபர் 16

அன்பு நாத்தனாருக்கு,

வந்தாய், இறங்கினாய், அன்று சாயங்காலமே முள்ளங்கியோடு முள்ளங்கியாக ஏறிப் போய்விட்டாய். நான் உன்னோடு உட்கார்ந்து ஒரு வாய் டீ குடிக்கக்கூட முடியவில்லை. விழா அன்று சமையலறைக் கிடங்கில் உப்புத் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு நின்றவளுக்கு வெளியே நடந்தது எதுவும் தெரியாது. பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. நீ வந்து என்னைக் கட்டிக்கொண்டபோதுகூட என் கை ஈரம் உன் புடவையில் ஆகிவிடுமே என்று தள்ளித்தான் நின்றேன். கறை போயிற்றா?

சமையலறை அலமாரி நிறைந்து, தரையும் நிறைந்து, இப்போது கரண்டியம்மா நடப்பதற்கே இடம் தேடுகிறார். உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டுதான் வெங்காயம் உரிக்கிறார். “இந்த வருஷம் கதவைச் சாத்தணும்னா நான் முதல்ல வெளிய வரணும், வழியில மூட்டை இருக்கு” என்கிறார். ஊறுகாய் ஜாடியை முந்தாநாள் திறந்தோம். பெரிய சார் ருசி பார்க்கிறேன் என்று ஆரம்பித்தவர், கடைசியில் ஜாடியை அவரிடமிருந்து பிடுங்கவேண்டி வந்தது. அடுத்த வருஷமும் நான்தான் நடத்தவேண்டுமாம். உன் மலைப் பள்ளிக்கூடத்தோடு வருஷா வருஷம் இந்தப் பண்டமாற்று இருக்கட்டும் என்று அவர்களுக்குக் கடிதம் எழுதப் போகிறார். எனக்குக் கொஞ்சம் கர்வம்தான், மறைப்பானேன்!

ஒரு விஷயம் மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. லாரியிலிருந்து இறங்கி வரும்போது உன் கண் சிவந்திருந்தது. கேட்டதற்குத் தூசு என்றாய். உன் அண்ணனைக் கேட்டால், “அவகிட்டயே கேளு” என்று மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார். தானாகவே மாத்திரை போடுகிறார் என்றால் ஏதோ பெரிய விஷயம்தான். வழியில் அண்ணன் தங்கைக்குள் சண்டையா? அல்லது உன் பை சட்டத்தை நான் மீறியதில் வருத்தமா? எதுவானாலும் சொல்லிவிடு. மடியில் கட்டிக்கொண்டு திரியாதே.

உன்
அண்ணி

அக்டோபர் 21

என் அண்ணிக்கு,

கறை போகவில்லை, போகவும் வேண்டாம். இங்கே முள்ளங்கி அன்றைக்கே தீர்ந்துவிட்டது. வாட்ச்மேன் ஒன்றைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டே கேட்டைத் திறந்தார்.

அண்ணனோடு சண்டை இல்லை. உங்கள் மேல் வருத்தமும் இல்லை. நீங்கள் கிடங்குக்குள் இருந்ததால் பார்க்காததை நான் தெருவில் பார்த்தேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் அழுதிருப்பேன், அதனால்தான் தூசு என்றேன்.

வாயாடியின் அம்மாவை உங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் விழாவுக்கு வருவார். பையை இறுக்கிக் கட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு வருவார். திரைக்குப் பின்னால் மேசையை நான்தான் பார்த்துக்கொள்வேன் இல்லையா? அவர் பையில் எப்போதும் பழைய பேப்பர்தான் இருக்கும், பை நிறைந்து தெரிவதற்காகக் கசக்கி அடைத்தது. வெறும் பையோடு வந்தால் வாங்க வந்தவள் என்று தெரிந்துவிடுமே! நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். அவர் பேப்பரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வேண்டியதை எடுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டு போவார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. பார்க்காதது போல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். அவர் மகளுக்கு நான் ஒரு வருஷம்கூட விதை கொடுத்ததில்லை. மண் இல்லாதவளுக்கு எதற்கு என்று இரக்கப்பட்டேன். விதையைக் கொடுத்துத்தான் பார்ப்போமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. விஷயம் தெரியாத நீங்கள் கொடுத்தீர்கள்.

விழா அன்று லாரி நம் தெருவுக்குள் திரும்பியபோது சனக்கூட்டம். எல்லோர் பையிலும் கீரை ஆடிக்கொண்டிருந்தது. முன்னால் வாயாடியின் அம்மா போய்க்கொண்டிருந்தார். பை இல்லை. செங்கல் தூக்குகிற சும்மாட்டைத் தலையில் வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டி. சட்டி நிறைய முள்ளங்கி, வெள்ளை வெளேரென்று, கீரை நாலு பக்கமும் தொங்க. ஒரு துணிகூட மேலே போடவில்லை. கூடவே வாயாடி ஒரு முள்ளங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அண்ணன் மெதுவாக ஹாரன் அடித்தார். அந்த அம்மா திரும்பிப் பார்த்தார், ஆனால் ஓரமாகப் போகவில்லை.

“கொஞ்சம் பொறுங்கண்ணே, பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கக் கொண்டு போறேன். சுமை கனமா இருக்கு” என்றார்.

பிறகு அண்ணன் ஹாரனில் கை வைக்கவே இல்லை. பள்ளிக்கூட வாசல் வரைக்கும் எங்கள் லாரி அவர் பின்னாலேயே, அவர் நடந்த வேகத்தில் வந்தது.

உங்கள்
நாத்தனார்